மூடியைத் திறந்து காட்டு!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மலர்க்குழுவில் கேட்டதும், சரி, ஒரு கவிதையைத் தட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். "ஏற்கனவே இருபத்திரண்டு கவிதை வந்து கிடக்கு. அதுல பத்தொன்பது நிலாவைப் பத்தி. நீயாவது உருப்படியா, டெக்னிகலா ஒண்ணு எழுதேன்ப்பா" என்றார்கள். ஆகவே நீங்கள் தப்பித்தீர்கள். நிலாவுக்குப் பதில் பேட்டரி.

எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வராந்தாவில் தினமும் ஒரு பட்டிமன்றம் களைகட்டும். தலைப்பு என்றைக்கும் ஒன்றேதான்: சிறந்தது ஆப்பிளா, சாம்சங்கா? நடுவர் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. வார்டன் தலை தெரிந்தால் கலையும், அவ்வளவுதான். இதில் ஆப்பிள் அணித் தலைவன் கையில் இருப்பது அவன் அக்கா கொடுத்த பழைய சீன போன். சாம்சங் அணித் தலைவனிடம் நிஜமாகவே ஒரு சாம்சங் இருக்கிறது. அது பாதி நாள் சார்ஜரிலேயே தொங்கும். இவர்கள் இரண்டு பேரும் கேமரா, பிராசசர், டிஸ்ப்ளே என்று அள்ளி வீசுகிற அழகைப் பார்த்தால், இரண்டு கம்பெனியிலும் இவர்கள் அப்பாவுக்குப் பங்கு இருக்கிறதோ என்று தோன்றும்.

நான் ஒன்றரை வருஷமாக மாலை நேரத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே மாதிரிதான் வருவார்கள், உயிர் போன போனைக் கையில் ஏந்திக்கொண்டு. அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கேட்கவேண்டிய கேள்வியை நம் பட்டிமன்றத்தில் யாருமே கேட்பதில்லை. பின்மூடியை நான் திறக்கலாமா, கூடாதா? எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

முதலில் இந்தச் சண்டை எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2011 ஏப்ரலில், "என் போனைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டான்" என்று ஆப்பிள் சாம்சங் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்டில் ஜூரி நூறு கோடி டாலருக்கும் மேல் நஷ்டஈடு என்றது. அப்பீல், மறுவிசாரணை, மறுபடி அப்பீல் என்று இழுத்தடித்து 2018 ஜூனில் சமரசம் ஆனது. ஏழு வருஷம்! வழக்கு சூடாக நடந்த அந்த 2011-லும் 2012-லும் ஐபோனுக்கு மூளையாக இருந்த சிப்பைத் தயாரித்துக் கொடுத்தது யார் தெரியுமா? சாம்சங். 2017-ல் வந்த ஐபோன் எக்ஸின் திரையைச் செய்து கொடுத்தது? அதுவும் சாம்சங். முன்வாசலில் கோர்ட்டு வாய்தா, கொல்லை வாசலில் கொள்முதல். வரப்புத் தகராறில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காத பங்காளிகள், குலதெய்வக் கோயில் கிடா வெட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அந்த மாதிரி.

அதைவிட வேடிக்கை இவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்வது. 2014-ல் சாம்சங் ஒரு விளம்பரம் எடுத்தது. விமான நிலையத்தில் ஐபோன்காரர்கள் பிளக் பாயிண்ட் இருக்கிற சுவரோரமாகத் தரையில் குந்திக்கொண்டு, சார்ஜ் ஏறக் காத்துக் கிடக்கிறார்கள். சாம்சங்கின் கேலக்ஸி எஸ்5 வைத்திருப்பவருக்கு அந்தக் கவலையே இல்லை. பேட்டரி தீர்ந்தால் கழற்றி வேறு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். சுவரைக் கட்டிப்பிடித்துக் கிடப்பவர்கள் என்று ஐபோன்காரர்களுக்குப் பட்டப்பெயர் வேறு. நல்ல விளம்பரம்தான், நானும் பார்த்துச் சிரித்தேன். ஆனால் அடுத்த வருஷம், 2015-ல், கேலக்ஸி எஸ்6 வந்தது. அதன் முதுகு? பசை போட்டு ஒட்டிய கண்ணாடி! பேட்டரியைத் தொட முடியாது. சுவரோரத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டம் சேர்ந்ததுதான் மிச்சம்.

மற்ற விஷயங்களிலும் இதே கூத்துதான். 2016-ல் ஐபோன் 7-ல் இயர்போன் துளையை ஆப்பிள் அடைத்தது, சாம்சங் சிரித்தது, 2019-ல் நோட் 10-ல் தானும் அடைத்தது. 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரை ஆப்பிள் எடுத்தது. "எங்கள் பெட்டியில் சார்ஜர் உண்டு" என்று சாம்சங் மார்தட்டியது. மூன்றே மாதம். 2021 ஜனவரியில் எஸ்21 பெட்டியில் சார்ஜரைக் காணோம். மார்தட்டிய பதிவையும் காணோம்!

எனக்கு இதில் ஆப்பிளைவிடச் சாம்சங் மேல்தான் கோபம் அதிகம். ஆப்பிள் 2007-ல் வந்த முதல் ஐபோனிலிருந்தே "உள்ளே கை வைக்காதே" என்று சொல்லிவிட்ட கறார் பேர்வழி. ஐபோன் 4 காலத்திலிருந்து ஐந்து இதழ் வைத்த ஸ்குரூவைப் போட்டு, சாதாரண ஸ்குரூ டிரைவருக்கும் வேலையில்லாமல் செய்துவிட்டது. சரி, தெரிந்துதானே வாங்குகிறோம். சாம்சங் அப்படியில்லை. திறக்கிற மாதிரி செய்யத் தெரிந்து, செய்து விற்று, அதையே பெருமையாகப் பேசி, அப்புறம் மூடிக்கொண்டது.

மூடி விஷயத்தில் இவனுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். என் இடது உள்ளங்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைத்தபோது பட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். (அம்மா இந்த மலரைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.)

போன வருஷக் கோடை விடுமுறை. ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். போனின் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது. கம்பெனி எது என்பது வேண்டாம். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், பேட்டரியை மாற்றினால் திரை உடையும், ஆகவே திரையும் சேர்த்து மாற்றவேண்டும் என்று சொல்லி, போன் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். அவருக்குச் சவாரி வருவது அந்த போன் வழியாக; காசு வாங்குவதும் அதிலேயே. "தம்பி, ராத்திரிக்குள்ள குடுத்துருப்பா. காலையில ரெண்டு ஸ்கூல் டிரிப் இருக்கு" என்றார்.

கடை அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். எனக்கோ இரண்டாம் ஆண்டு பரீட்சை எழுதி முடித்த தைரியம்! போனைச் சூடு காட்டிப் பசையை இளக்கினேன். திரையைக் கழற்றினேன். அடியில் பேட்டரி பசை நாடாவில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிளாஸ்டிக் தகட்டைச் சொருகிப் பார்த்தேன், வளைந்துபோனது. ஸ்டீல் பிளேடை எடுத்துச் சொருகினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. சட்டென்று வெள்ளைப் புகை, அதன் பின்னாலேயே நெருப்பு. கையிலிருந்து உதறுவதற்குள் உள்ளங்கை வெந்துவிட்டது. டீ கிளாசோடு ஓடிவந்த கடை அண்ணன் இடுக்கியால் போனைத் தூக்கி மண் வாளியில் போட்டு மூடினார். என் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார்.

போன் போச்சு. அதில் இருந்த படங்களும் போச்சு. ஆட்டோ அண்ணன் அரைமணி நேரம் கழித்து வந்து வாளியை எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம். கடையில் இருந்த பழைய போன் ஒன்றில் அவர் சிம்மைப் போட்டுக் கொடுத்து அனுப்பினோம். அதற்கான பணம் நான்கு மாதம் என் சம்பளத்தில் கழிந்தது. அது நியாயம்தான், பிளேடை எடுத்தது நான்.

ஆனால் அந்தப் பேட்டரியை எடுக்க ஏன் பிளேடு தேவைப்பட்டது? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி. இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. (குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அரியர் வைத்திருப்பவர்கள் மனம் தளரவேண்டாம்.) பேட்டரியின் உள்ளமைப்பைச் சுருட்டி வைத்த பாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கு அலுமினியத் தாள், அதன்மேல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு போன்ற பூச்சு, அது நேர்முனை. இன்னொரு அடுக்கு தாமிரத் தாள், அதன்மேல் கிராஃபைட், அது எதிர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்குப் பிரிப்பான் என்று பெயர். பிரிப்பானில் நுண்துளைகள் உண்டு. அதன் வழியாக லித்தியம் அயனிகள் சார்ஜ் ஏறும்போது இந்தப் பக்கமும் இறங்கும்போது அந்தப் பக்கமும் போய்வரும். இத்தனையும் ஊறிக் கிடப்பது எளிதில் தீப்பற்றும் ஒரு திரவத்தில்.

பிரிப்பான் ஒரே இடத்தில் கிழிந்தாலும் போதும். நேர்முனையும் எதிர்முனையும் நேராகத் தொட்டு ஷார்ட் ஆகும். அந்த இடம் சூடாகும். சூட்டில் பக்கத்துப் பிரிப்பான் சுருங்கும். ஷார்ட் பெரிதாகும். சூடு இன்னும் ஏறும். நம் பாடப்புத்தகத்தில் தெர்மல் ரன்அவே என்று ஒரு வரியில் வரும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண். என் பிளேடு செய்தது அதைத்தான்.

கழற்றி மாட்டுகிற பேட்டரிக்கு மேலே கெட்டியான கூடு இருக்கும், ஏனென்றால் ஜனங்கள் பையில் போடுவார்கள், சாவியோடு குலுக்குவார்கள், கீழே போடுவார்கள். ஒட்டி மூடுகிற பேட்டரிக்கு ஷாம்பு பாக்கெட் மாதிரி மெல்லிய உறைதான். யாரும் தொடப்போவதில்லை என்ற எண்ணத்தில் செய்தது. சரிதான், ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி தளர்ந்ததும் யாராவது தொட்டுத்தானே ஆகவேண்டும்? அந்த யாராவது நாம்தான். ஆகவே தோழர்களே, உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், காற்றை எடுக்கிறேன் என்று ஊசி குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். மேஜைக்குப் பக்கத்தில் காய்ந்த மணல் வாளி இல்லாத கடையில் வேலைக்கும் சேராதீர்கள்.

இப்போது கேலக்ஸி நோட் 7 கதைக்கு வருவோம். 2016 ஆகஸ்டில் வெளிவந்தது. உலகமே புகழ்ந்தது. இரண்டு வாரத்தில் அங்கங்கே தீப்பிடித்த செய்திகள். செப்டம்பர் 2-ம் தேதி 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாகச் சாம்சங் அறிவித்தது. வேறு கம்பெனி பேட்டரி போட்ட புதிய போன்களைக் கொடுத்தது. அவையும் எரிந்தன! அக்டோபர் 11-ல் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. சுமார் ஐந்நூறு கோடி டாலர் நஷ்டம். நம் நாட்டில் அந்த மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன்பே விமானத்தில் அதைப் பயன்படுத்தத் தடை வந்துவிட்டது. அந்தச் செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில் ஒருவரின் பையிலிருந்த பழைய நோட் 2 புகைந்ததும், அதைத் தண்ணீரில் போட்டு அணைத்ததும் நடந்தது. அதன் பிறகு சாம்சங் என்றாலே விமானத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

காரணத்தை 2017 ஜனவரியில் சாம்சங்கே சபையில் சொன்னது. இரண்டு லட்சம் போன்களையும் முப்பதாயிரம் பேட்டரிகளையும் சோதித்தார்களாம். முதல் பேட்டரியில், உறை இறுக்கமாக இருந்ததால் மேல் மூலையில் எதிர்முனைத் தாள் மடங்கிப்போயிருந்தது. கிராஃபைட் சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் விரியும். விரிய இடம் வேண்டும். அந்த இடத்தை விடவில்லை. இரண்டாவது பேட்டரியில், நேர்முனையில் வெல்டிங் வைத்த இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்து, காப்பு நாடாவையும் பிரிப்பானையும் குத்தித் துளைத்துவிட்டது. சிலவற்றில் காப்பு நாடாவே இல்லை. வெல்டிங் பிசிறு! ஒர்க்‌ஷாப்பில் பிசிறை அரம் போட்டுத் தேய்க்காமல் ஜாப்பை நீட்டினால் நம் இன்ஸ்ட்ரக்டர் தூக்கி எறிவாரே, அதே பிசிறுதான் உலகத்தின் மிகப் பெரிய போன் கம்பெனியைச் சாய்த்தது.

கை வெந்து கட்டுப் போட்டுக்கொண்டு கடையில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் ஒருநாள், இந்த நோட் 7 கதையைக் கடை அண்ணனிடம் பெரிய ஆராய்ச்சி மாதிரி சொன்னேன். அவர் 2005-லிருந்து கடை வைத்திருப்பவர். சிரித்துக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய பேட்டரியை எடுத்து என் முன்னால் வைத்தார். நோக்கியா பி.எல்-5சி.

"இதுக்கும் ஒரு தடவை வந்துச்சு தம்பி, 2007-ல. ஊரே நடுங்கிப் போச்சு."

அப்போது எனக்குப் பல்லே முளைத்திருக்காது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2007 ஆகஸ்ட் 14-ம் தேதி நோக்கியா ஒரு அறிவிப்புக் கொடுத்தது. ஜப்பானின் மட்சுஷிதா 2005 டிசம்பரிலிருந்து 2006 நவம்பர் வரை தயாரித்த பி.எல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகிச் சூடாகலாம். எத்தனை பேட்டரி? 4 கோடியே 60 லட்சம்! நோட் 7-ஐப் போலப் பதினைந்து மடங்கு.

"அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

"என்ன ஆகும்? வரிசையா வந்து நின்னாங்க. நான் ஸ்டூலைப் போட்டு வாசல்ல உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி, நகத்தால மூடியைத் தள்ளி, பேட்டரியைத் திருப்பி, நம்பரை எழுதிக் குடுத்தேன். பாதிப் பேரு பேட்டரியில பிரச்சினையே இல்ல. இருக்கிறவங்க கம்பெனிக்குப் போய் வேற பேட்டரி வாங்கிக்கிட்டாங்க. அதுவரைக்கும் பொறுக்காதவங்க எங்கிட்டயே ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு போன்கூடக் குப்பைக்குப் போகல."

இதுதான் தோழர்களே, நான் சொல்ல வந்தது. நோட் 7 பேட்டரியைக் கழற்ற முடிந்திருந்தாலும் அது தீப்பிடித்திருக்கலாம், மறுக்கவில்லை. எல்லாக் கம்பெனியும் தப்புச் செய்யும். பிசிறு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் விழும். தப்பு தெரிந்த மறுநாள் என்ன செய்யலாம் என்பதில்தான் மூடி வருகிறது. ஒன்றில், ஒரு நகமும் ஒரு பேட்டரியும் போதும். இன்னொன்றில், முப்பது லட்சம் முழு போன்களைத் திரட்டித் திருப்பி அனுப்பவேண்டும்.

அந்த நோக்கியா 2006-லிருந்து 2014 நவம்பர் 1 வரை நம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்தியது. நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர்களும் அங்கே வேலை பார்த்தார்கள். அதே ஸ்ரீபெரும்புதூரில் இன்றைக்கு ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கிறார்கள். மூடி திறக்கிற போன் செய்த ஊரிலேயே மூடி திறக்காத போன். நம்மில் சிலர் நாளைக்கு அந்த வரிசையில் நின்று பசை தடவப்போகிறவர்கள்தான்.

ஆப்பிள் கட்சிக்காரர்கள் இப்போதே சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

2016 கடைசியில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த பலருக்கு ஒரு வினோதமான தொல்லை. முப்பது சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் பொட்டென்று அணையும். இதற்குப் பேய் பிசாசெல்லாம் காரணமில்லை, ஓம் விதி போதும். பேட்டரிக்கு உள்மின்தடை என்று ஒன்று உண்டு. ஒரு கணக்குக்கு, உள்ளே 3.7 வோல்ட், புதுப் பேட்டரியின் உள்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். போன் திடீரென்று 3 ஆம்பியர் இழுத்தால், 0.3 வோல்ட் உள்ளேயே செலவாகி 3.4 வோல்ட் வெளியே வரும். போன் ஓடும். பேட்டரி கிழடாகி உள்தடை 0.25 ஓம் ஆனால்? 0.75 வோல்ட் உள்ளே போய்விடும். மிச்சம் 2.95. போனுக்கு அது போதாது, அணைந்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் பாதி தண்ணீர் இருக்கிறது, குழாய் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் என்ன செய்தது? 2017 ஜனவரியில் விட்ட மென்பொருளில், பேட்டரி கிழடான போன்களின் பிராசசர் வேகத்தைக் குறைத்துவிட்டது. மின்னோட்டம் குறைந்தால் வோல்ட் இறங்காது. பொறியியல்படி சரியான வைத்தியம்தான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேகத்தைக் குறைத்ததை வாங்கியவனிடம் சொல்லவில்லை! போன் மெதுவானதும் அவன் என்ன நினைப்பான்? பழசாயிடுச்சு, புதுசு வாங்குவோம் என்று நினைப்பான். ஒரு பேட்டரியில் முடிகிற விஷயம். 2017 டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பிறகு வழக்குகள், பிரான்சில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம், எல்லாம் ஆனது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 2019 ஜனவரி 2-ம் தேதி ஆப்பிள் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று. காரணங்களை அடுக்கும்போது, குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அதாவது, பேட்டரியை மலிவாக மாற்ற முடிந்தால் ஜனங்கள் புது போன் வாங்குவதில்லை! இதை நான் சொன்னால் கம்யூனிஸ்ட் என்பீர்கள். சொன்னவர் ஆப்பிள் முதலாளி.

"தண்ணீர் புகாமல் இருக்கத்தான் மூடுகிறோம்" என்று ஒரு சமாதானம் உண்டு. கேலக்ஸி எஸ்5-ன் மூடி நகத்தால் திறக்கும், அதற்கு ஐ.பி.67 தரச்சான்றும் இருந்தது, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். அதே சாம்சங் தொழிற்சாலை, கட்டட வேலைக்காரர்களுக்கென்று 2020-ல் விட்ட எக்ஸ்கவர் புரோவில் கழற்றுகிற பேட்டரியும் உண்டு, அதைவிட உயர்ந்த ஐ.பி.68-ம் உண்டு. ஆக, தெரியாமல் இல்லை. "கெட்டியான கூடு இடத்தை அடைக்கும், போன் தடிக்கும், கொள்ளளவு குறையும்" என்பது இன்னொரு சமாதானம். இது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் "என் போன் தடியாக இருக்கிறது, இளைக்க வையுங்கள்" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒல்லியான போனை வாங்கி, அதற்கு மேல் தடியான ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

கம்பெனிகள் தானாகத் திருந்துமா? சார்ஜர் வயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனுக்கு மட்டும் தனி வயர் என்று வருஷக்கணக்காக ஆப்பிள் பிடிவாதமாக இருந்தது. 2022-ல் ஐரோப்பிய யூனியன், எல்லா போனுக்கும் யு.எஸ்.பி-சி என்று சட்டம் போட்டது. 2023-ல் ஐபோன் 15-ல் யு.எஸ்.பி-சி வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அதே ஐரோப்பிய யூனியன் 2023-ல் பேட்டரிச் சட்டமும் போட்டிருக்கிறது: 2027 பிப்ரவரி 18 முதல், சாதனத்தின் பேட்டரியை வாங்கியவரே சாதாரணக் கருவியால் கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும். போன்களுக்கு ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் எண்பது சதவீதம் நிற்கிற பேட்டரி, தண்ணீரும் புகாது என்றால், அந்தக் கட்டாயத்திலிருந்து தப்பலாம். ஓட்டை என்றாலும் தேவலை; அப்படியாவது நீடித்து உழைக்கிற பேட்டரி வருமே.

சட்டம் வருகிறது என்றதும் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். 2024-ல் ஐபோன் 16-ல் பேட்டரியை ஒரு புதுவகைப் பசையில் ஒட்டினார்கள். நம் மல்டிமீட்டரில் போடுகிற 9 வோல்ட் பேட்டரியை அந்தப் பசைக்குக் கொடுத்தால், ஒன்றரை நிமிஷத்தில் பசை தானாக விட்டுவிடும். பிளேடு வேண்டாம், சூடு வேண்டாம். இதைப் படித்தபோது என் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். நம் மத்திய அரசும் 2022-ல், பழுதுபார்க்கும் உரிமைக்கு என்று ஒரு குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. சட்டம் இன்னும் வரக் காணோம்.

போன மாதம் அந்த ஆட்டோ அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார், ஸ்கிரீன் கார்டு ஒட்ட. என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, அடுத்து ஒரு போன் வாங்கலாம்னு இருக்கேன். ஆப்பிளு, சாம்சங்கு எல்லாம் வேணாம். பத்து, பன்னெண்டாயிரத்துக்குள்ள, இந்தப் பேட்டரியைக் கழட்டுற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

டிராயரைத் திறந்து பி.எல்-5சி போடுகிற பட்டன் போன் ஒன்றை எடுத்துக் காட்டினேன். மூடியை நகத்தால் தள்ளித் திறந்தும் காட்டினேன்.

"இதுல சவாரி ஆப் ஓடுமா?"

"ஓடாதுண்ணே."

"அப்ப நீயே ஒண்ணு செய்யேன். மூணு வருஷமா அதுக்குத்தானே படிக்கிறே?" என்று சொல்லிவிட்டு, மீட்டர் போடாமலே கிளம்பிப் போனார்.